பைத் தட்டு காலி

செய்திக்காரி அடித்தளத்துக்கு ஓடி வந்தபோது பூச்சி மருந்துக்காரர் கதவிடுக்கில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

பல்கலைக்கழக நூலகத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். இணையதளத்தில் ‘செய்திகளும் நிகழ்வுகளும்’ பக்கம் அவள் பொறுப்பு. யார் பேசுகிறார்கள், என்ன கண்காட்சி, எந்தத் தளம் மூடியிருக்கும், எல்லாம் அவள் போட்டால்தான் உண்டு. அடித்தளத்தில் பூச்சிக்குப் புகை போடுவது சனியிலிருந்து வெள்ளிக்கு மாறியதையும் அவள்தான் போட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. நாத்தனாரோடு பேச்சு அறுந்திருந்தது. துணி காயப்போடும் கொடியில் தொடங்கி, யார் சமைத்ததை யார் சாப்பிடவில்லை என்பது வரை போன சண்டை. ஆராய்ச்சி பண்ணுகிறவள்தானே, பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

சற்று முன் கணவன் கூப்பிட்டிருந்தான். அக்கா காலையிலேயே நூலகத்துக்குக் கிளம்பிவிட்டாள், போன் கிடைக்கவில்லை, உன் கண்ணில் பட்டாளா என்று கேட்டான். அடித்தளக் கதவுக்கு உள்ளே போய்விட்டால் எந்தப் போனும் கிடைக்காது.

“உள்ளே ஆள் இருக்காங்களான்னு பாத்தீங்களா?”

பக்கத்தில் நின்ற நூலகர்தான் பதில் சொன்னார். பைத் தட்டு காலி, தானே பார்த்ததாக.

இங்கே ஆளைத் தேடும் வழக்கமில்லை. பையோடு யாரையும் உள்ளே விடமாட்டார்கள். வருகிறவர்கள் வாசல் தட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தட்டு காலியென்றால் கட்டடம் காலி. இதுவரை தப்பியதில்லை.

நாத்தனார் வாசல் வழியாக வருவதில்லை. ஊழியர்களின் பின்கதவுச் சாவிக்கு நகல் எடுத்துக் கொடுத்தது செய்திக்காரி. அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. சாவி விஷயம் தெரிந்தால் அதுவும் போய்விடும்.

மருந்துக்காரர் அடுத்த துண்டு டேப்பைக் கிழித்தார்.

“ஒட்டாதீங்க. என் நாத்தனார் உள்ளே இருக்காங்க. பின்கதவுச் சாவி அவங்ககிட்ட இருக்கு. நான்தான் கொடுத்தேன்.”

நூலகர் அவளைப் பார்த்தார். மருந்துக்காரர் டேப்பைப் பிய்த்தெறிந்தார். பின்வரிசைகளில் மருந்து வைத்தாகிவிட்டது, புகை கிளம்பத் தொடங்கியிருக்கும் என்றார். அவளும் உள்ளே போகப் பார்த்தாள். தோளைப் பிடித்துத் தள்ளி நிறுத்திவிட்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு அவர் மட்டும் போனார்.

கதவு சாத்திக்கொண்டது. அதில் காது வைத்தாள். இரும்பின் குளிர்ச்சி தவிர ஒன்றுமில்லை. கணவன் மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது?

மருந்துக்காரர் தனியாக வந்தார். படிக்கும் அறை, மேசைகள், எங்கும் ஆளில்லையாம். முன்னமே போயிருப்பார்கள் என்றார் நூலகர். அவர் குரலில் தெம்பில்லை.

போயிருக்கலாம். அப்படியே நம்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் சண்டைக்கு முன்பு ஒருநாள் நாத்தனார் சோற்றைப் பிசைந்தபடி சொன்னது நினைவுக்கு வந்தது: அந்த ஏசி நேராகத் தலையில் இறங்குகிறது, மேசையில் உட்காரவே முடியவில்லை.

“பழைய பேப்பர் கட்டு அலமாரி இருக்கில்ல? சுவரோரம். அதுக்குப் பின்னாடி தரையில பாருங்க. காதுல பாட்டு மாட்டியிருப்பாங்க. கூப்பிட்டா கேக்காது.”

அவர் மறுபடி போனார். இந்தமுறை நேரம் நகரவே இல்லை. நூலகர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்தது. மருந்துக்காரர் ஈரத்துணியை நாத்தனார் மூக்கில் அழுத்தியபடி இழுத்து வந்தார். கண்கள் சிவந்திருந்தன. ஒரு காதிலிருந்து கம்பி தொங்கியது. வெளிக்காற்று படும்வரை மூவரும் விடாமல் மேலே கொண்டுபோனார்கள். நாத்தனார் புல்தரையில் உட்கார்ந்து இருமினாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி இருமினாள். பயப்பட ஒன்றுமில்லை, எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள் என்றார் மருந்துக்காரர்.

நூலகர் கையை நீட்டினார். நாத்தனார் சாவியைக் கொடுத்தாள். செய்திக்காரியைத் திங்கட்கிழமை தன் அறைக்கு வரச் சொல்லிவிட்டு அவர் போனார்.

“தேதி மாத்துனது உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அண்ணி.”

நாத்தனார் காதில் தொங்கிய கம்பியைக் கழற்றினாள். போன் மறுபடி அடித்தது.

“எடு. நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு. மிச்சத்தையும் நீயே அவன்கிட்ட சொல்லிடு. என் வாயால வேணாம்.”

அவள் எடுத்தாள்.