ஒரு மணிக்குச் சொன்னது

யோகலட்சுமி எங்கள் வார்டுக்கு வந்த பிறகு எனக்குக் காராச்சேவு வருவது நின்றுபோனது. சிரிக்காதீர்கள். தீக்காய வார்டிலிருந்து வீட்டுக்குப் போனவர்கள் மறுபடி கட்டுப் பிரிக்க வரும்போது, சாத்தூர்ப் பக்கத்து ஆட்களாக இருந்தால் “ஜோதி சிஸ்டருக்கு” என்று ஒரு பொட்டலம் கொண்டுவருவார்கள். இதெல்லாம் எதற்கு என்று திட்டிவிட்டு வாங்கிக்கொள்வேன். இப்போதும் பொட்டலம் வருகிறது. “யோகாக்கா இருக்காகளா?” என்று கேட்டுக்கொண்டு வருகிறது. அவள் அதைப் பிரித்து எல்லோருக்கும் ஆளுக்கொரு கை கொடுப்பாள். எனக்கும் கொடுப்பாள். அந்தச் சேவுதான் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

என் பெயர் ஞானஜோதி. ஊர் காரியாபட்டி. அப்பா தேவாசீர்வாதம் வாத்தியார். சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். அதில் பதினாறு வருடம் தீக்காய வார்டு. பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குச் சங்கடம், விட்டுவிடுவோம்.

அவள் வந்து பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. நாரணாபுரத்துக்காரி. அம்மா, அப்பா இரண்டு பேரும் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறிப் போகிறவர்கள். கட்டுப் பிரிக்கிற நாளில் எங்கள் வார்டில் ஆம்பளைகளே அலறுவார்கள். மருந்துத் தண்ணீரை ஊற்றி ஊறவைத்து, நூல் நூலாகத் துணியை எடுக்க வேண்டும். அதில் என் கைக்கு ஒரு பெயர் இருந்தது. “ஜோதி சிஸ்டர் எடுத்தா நோவாது” என்பார்கள். அவளுடைய கை என் கை அளவுக்கு வராது. சத்தியமாகச் சொல்கிறேன், வராது. ஆனாலும், “அந்தப் பிள்ள வரட்டும், அவுக எடுத்தாப் போதும்” என்று ஒவ்வொரு படுக்கையாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருப்பேன்.

போன மே மாதம் நர்ஸ் தினத்துக்கு ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். செவிலியரின் தொழில்நெறியை உருவாக்கும் காரணிகள் என்று தலைப்பு. மதுரையிலிருந்து பேச வந்த ஒரு அம்மா திரையில் வரிசையாகப் போட்டுக் காட்டினார். படிப்பு, அனுபவம், சம்பளம், வேலைப் பளு, மேலே இருப்பவர்களின் நடத்தை. எல்லாம் சரிதான். பிறகு ஒவ்வொரு வார்டிலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்றார்கள். எங்கள் வார்டு டாக்டர் ஜெயசுந்தர் என் தலைக்கு மேலே பார்த்து, “யோகலட்சுமி, நீங்க பேசுங்க” என்றார். அவள் எழுந்து, “எனக்குக் கட்டுப் போடச் சொல்லிக் குடுத்தது ஜோதி சிஸ்டர்” என்று தொடங்கினாள். எல்லோரும் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரோடு காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அவள் இந்தப் பட்டாசுச் சனத்தில் ஒருத்தி. இவர்களுடைய பேச்சு, இவர்களுடைய தெரு. அதனால் ஒட்டிக்கொள்கிறார்கள். திறமை என்று ஒன்றும் கிடையாது. நான் வாத்தியார் மகள், விறைப்பாக இருப்பேன், என்னிடம் எப்படி ஒட்டுவார்கள்? இந்தச் சமாதானத்தை வைத்துக்கொண்டு பல நாள் ஓட்டினேன்.

புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் நெருக்கடி. அந்த மாதத்தில் எங்கள் வார்டில் படுக்கை காலியாகவே இருக்காது. ஒரு புதன்கிழமை எனக்கு மதியம் ஒரு மணி டூட்டி. யோகலட்சுமிக்குக் காலை டூட்டி முடிகிற நேரம். எங்கள் வழக்கப்படி, போகிறவள் வருகிறவளை ஒவ்வொரு படுக்கையாகக் கூட்டிப்போய் ஒப்படைக்க வேண்டும். ஏழாம் படுக்கைக்கு வந்தோம்.

கருப்பம்மாள், நாற்பத்திரண்டு வயது. பதினொன்றரை மணிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். முகம், கழுத்து, இரண்டு கை. சமையல் செய்யும்போது அடுப்பில் சேலை பற்றியதாகக் கேஸ் சீட்டில் இருந்தது. அவள் புருஷன் ஒச்சப்பன் அப்படித்தான் சொல்லியிருந்தார். கட்டு அழகாகப் போட்டிருந்தது. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

யோகலட்சுமி என்னைச் சன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள். “சிஸ்டர், அது அடுப்பு இல்ல. லைசென்சு இல்லாத பட்டாசு செட்டுல உக்காந்து திரி வெட்டிருக்காக. சோதனைக்கு வருவாகன்னு கதவ வெளிய பூட்டிருக்காங்க. தீப்பிடிச்சப்போ வெளிய வர முடியாம அம்புட்டுப் புகையையும் குடிச்சிருக்காக. இப்பத்தான் எங்கிட்டச் சொன்னாக. டாக்டர் ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள போயிட்டாரு. வெளிய வந்ததும் நீங்க சொல்லி, தொண்டைய உடனே பாக்கச் சொல்லணும். சாயங்காலத்துக்குள்ள உள்ள வீங்கிருமோன்னு பயமா இருக்கு.”

“கேஸ் சீட்டுல எழுதினியா?”

அவள் தலை குனிந்தாள். “எழுதலை சிஸ்டர். எழுத்துல வந்தா முதலாளி கேசுல மாட்டுவாரு, தனக்கும் புருஷனுக்கும் வேலை போயிரும்னு கையெடுத்துக் கும்பிட்டாக. டாக்டர் வாயால கேட்டு அவரே முடிவு பண்ணட்டும்னு நெனச்சேன்.”

அது தப்பு. எழுதாதது ஒப்படைத்ததே ஆகாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். அவளிடம் ஒரு தப்பைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்கு அந்த நேரம் வேறொன்றும் ஓடவில்லை. “நான் பாத்துக்கிடுறேன், நீ போ” என்றேன்.

அவள் போனதும் நேராக ஏழாம் படுக்கைக்குப் போனேன். நான் கேட்டால் எனக்கும் சொல்லட்டும் என்று நினைத்தேன்.

“எப்படிம்மா பத்துச்சு?”

கருப்பம்மாள் என்னைப் பார்த்தாள். என் தொப்பியை, என் கண்ணாடியை, கழுத்துச் சிலுவையை. “அடுப்புதான் சிஸ்டர்” என்றாள்.

நாடி பார்க்கக் கையில் இடமில்லை. காலைத் தொட்டேன். குதிகால் வெடிப்புக்குள் பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர் வெள்ளையாக மினுங்கியது. எந்த அடுப்பங்கரையில் அலுமினியப் பவுடர் இருக்கிறது? மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் முடி கருகி, சுடுபுகை உள்ளே போயிருப்பது தெரிந்திருக்கும். டார்ச் என் பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. இவளுக்காக மருந்துத் தண்ணீர் கலக்கிவைத்து நிற்கிறேன், என்னிடம் பொய் சொல்கிறாள், நேற்று வந்தவளிடம் காதோடு உண்மை சொல்கிறாள். சரிதான் தாயே, அடுப்பு என்றால் அடுப்பாகவே இருக்கட்டும் என்று போர்வையை இழுத்துக் காலை மூடினேன்.

இரண்டரை மணிக்கு டாக்டர் ஜெயசுந்தர் சுற்று வந்தார். ஏழாம் படுக்கையில் கட்டைப் பார்த்தார், டிரிப் இறங்கும் வேகத்தைப் பார்த்தார். “வேற எதுவும் சொல்ல வேண்டியது இருக்கா சிஸ்டர்?” என்றார்.

“இல்ல சார்.”

அந்த அம்மா சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கர்த்தர் அறிய நினைக்கவில்லை. யோகலட்சுமி சொன்னது தப்பாகப் போக வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தால், நாளைக்கு அவளைக் கூப்பிட்டு, இப்படித்தான் ஊர்ப்பேச்சைக் கேட்டுக்கொண்டு டாக்டரைப் பயமுறுத்துவாயா என்று நாலு பேர் முன்னால் கேட்கலாம் என்று வார்த்தையைக்கூட அடுக்கிவைத்தேன்.

மூன்று மணிக்கு வார்டுக்குப் போன் வந்தது. அவள்தான். பின்னால் பஸ் சத்தம். “சிஸ்டர், ஏழாம் பெட்ட டாக்டர் பாத்துட்டாரா?”

“பாத்துட்டாரு” என்றேன். பார்த்துவிட்டுத்தானே போயிருந்தார்?

“நல்லது சிஸ்டர். இப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு” என்று வைத்துவிட்டாள்.

நான்கேகால் மணிக்குக் கருப்பம்மாள் தண்ணீர் கேட்டாள். குரல் தகரத்தைத் தேய்த்தது போல வந்தது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மூச்சை இழுக்கும்போது ஒரு சீழ்க்கைச் சத்தம் கேட்டது. பதினாறு வருடத்தில் அந்தச் சத்தத்தை எட்டுப் பத்து தடவை கேட்டிருக்கிறேன். அதில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவில்லை. ஆக்சிஜனை வைத்துவிட்டு நான் ஓடிய ஓட்டத்தில் தொப்பி கழன்று விழுந்தது. டாக்டர் குழாய் போடப் பார்த்தார். தொண்டை வீங்கி வழி மூடியிருந்தது. முதல் தடவை போகவில்லை. இரண்டாவது தடவையும் போகவில்லை. மூன்றாவது தடவை மிகச் சின்னக் குழாயாக எடுத்து எப்படியோ செருகினார். அவர் சட்டை நனைந்துபோயிருந்தது. மூச்சு சீரானதும் ஆம்புலன்சில் மதுரைக்கு அனுப்பினோம். ஒச்சப்பன் அழுதுகொண்டே ஏறினார். ஏறும்போதுதான் பூட்டிய கதவைப் பற்றி டாக்டரிடம் சொன்னார்.

“ரெண்டரை மணிக்கு இது தெரிஞ்சிருந்தா குழாய் போடுறது ரெண்டு நிமிஷ வேலை” என்றார் டாக்டர். “ஒருத்தருக்கும் தெரியாதா?”  நான் கழன்று விழுந்த தொப்பியைத் தேடிக்கொண்டு வார்டுக்குள் போனேன்.

கருப்பம்மாள் பிழைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நாள் கழித்துக் குழாயை எடுத்தார்கள். குரல் மட்டும் திரும்பவில்லை, காற்றாகத்தான் வந்தது. அதற்குள் இங்கே விசாரணை வந்துவிட்டது. யோகலட்சுமியிடம் கருப்பம்மாள் முன்பே சொல்லியிருந்தாள் என்று ஒச்சப்பன் சொல்லிவிட்டார். கேஸ் சீட்டில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. தெரிந்தும் மறைத்தாள் என்று நிர்வாகம் முடிவு கட்டியதுபோலவே இருந்தது. நிரந்தரமாகாத பெண், அனுப்புவது சுலபம். அவள் என்னிடம் சொன்னதற்குச் சாட்சி சன்னல் மட்டும்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அவள் நாரணாபுரத்துக்கே போய்விடுவாள்.

விசாரணை அன்று சூப்பிரண்டு லட்சுமிகாந்தம் மேடம் அறையில் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். டாக்டரும் இருந்தார். அவள் இளைத்துப்போயிருந்தாள். எனக்கு அதுவும் திருப்தியாகத்தான் இருந்தது, மறைக்க விரும்பவில்லை.

“தெரிஞ்சும் ஏன்மா எழுதல?” என்றார் மேடம்.

“என் தப்புதான் மேடம். எழுதிருக்கணும். அதுக்கு என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கிடுறேன்” என்றாள். “ஆனா யார்கிட்டயும் சொல்லாம நான் போகலை. ஒரு மணிக்கு ஜோதி சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன்.”

மேடம் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அவசரமாகச் சொன்னாள். “அன்னைக்குப் பதினெட்டு பெட்டும் நெறஞ்சு கெடந்துச்சு மேடம். சிஸ்டர் ஒத்தை ஆளு. மறந்திருப்பாக. பாவம், யாரா இருந்தாலும் மறக்கத்தான் செய்வாக.”

எனக்குத் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்துவிட்டாள். “ஆமா மேடம், மறந்துட்டேன்” என்றால் முடிந்தது. வயதாகிற நர்ஸ், வேலைப் பளு, ஒரு எச்சரிக்கைக் கடிதம். மேடம் முகத்தில்கூட அந்த இரக்கம் வந்துவிட்டது. டாக்டர் தலையாட்டினார். அவள் எனக்கு இரக்கம் காட்டுகிறாள், எல்லோரும் அவளோடு சேர்ந்து காட்டுகிறார்கள். பதினாறு வருடம் ஒரு படுக்கையை, ஒரு மருந்தை மறந்திராத என்னை, மறதிக்காரி என்று அவள் மன்னிப்பதா? என்னால் தாங்க முடியவில்லை. நல்ல புத்தி வந்து நான் உண்மை சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

“மறக்கல மேடம்” என்றேன். “சொன்னா. தெளிவாச் சொன்னா. குதிகால்ல பவுடரையும் பாத்தேன். சார் கேக்கும்போது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. சொல்லல.”

 “ஏன் ஞானஜோதி?” என்றார் மேடம். கோபம்கூட இல்லாமல் கேட்டார்.

“நான் போய்க் கேட்டேன் மேடம். எங்கிட்ட அடுப்புன்னாக. இவகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிருக்காக. இவ அவுக ஊரு, அவுக சனம். எங்கிட்ட எப்படிச் சொல்லுவாக?”  சின்னப் பிள்ளை புகார் சொல்வதைப் போல இருந்தது எனக்கே.

யோகலட்சுமி என் பக்கம் திரும்பினாள். அழுவாள், திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது.

“அவுக எங்க ஊரு இல்ல சிஸ்டர். அன்னைக்குத்தான் நானே அவுகள மொதத் தடவ பாக்குறேன்” என்றாள். “எங்கிட்டயும் அடுப்புன்னுதான் சொன்னாக. கட்டுப் போட்டுக்கிட்டே மூணு தடவ கேட்டேன், மூணு தடவையும் அடுப்புன்னாக. நாலாந் தடவ கேக்கும்போதுதான் அழுதாக.”

நான் ஒரு தடவைதான் கேட்டிருந்தேன்.