ஜின்ஷான் மாஸ்டர் ஓடிய ஓட்டம்

தூலியூ ஊரில் ஜின்ஷான் மாஸ்டரிடம் கார் ஓட்டக் கற்றவர் ஒருவராவது இல்லாத வீடு குறைவு. "தண்டவாளத்துல மாட்டிக்கிட்டா யோசிக்காதீங்க. கேட்டை இடிச்சுக்கிட்டுப் போயிடுங்க. அது உடையறதுக்குன்னே வச்ச கம்பு" என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்வார். வீட்டில் சாப்பிடும்போதுகூடச் சொல்வார். மனைவி லியுன் கேட்டுக்கொண்டே சூப் ஊற்றுவாள். அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. வண்டியை மட்டும் தரமாட்டார். "உன்கிட்ட குடுத்தா சுவர்லதான் போய் நிக்கும்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் தோட்டத்துப் பம்ளிமாஸ் பழங்களோடு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வே கேட்டுக்கு அப்பால் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. அந்தப் பக்கம் இடம் கிடைக்கும்வரை தண்டவாளத்தில் ஏறக் கூடாது என்பதும் அவர் நடத்தும் பாடம்தான். இருந்தும் ஒரு லாரியை ஒட்டிக்கொண்டே ஏறிவிட்டார். மணி அடித்தது. லாரி நகர்ந்து வழி விட்டபோது, காருக்கு முன்னும் பின்னும் கம்பு இறங்கியிருந்தது.

"இடிங்க!" என்றாள் லியுன்.

அவர் கதவைத் திறந்தார். குனிந்து, முன்கம்புக்கு அடியில் நுழைந்து ஓடினார். சாலையில் கால் பட்ட பிறகுதான் அவள் ஞாபகம் வந்தது. திரும்பினார். அவருடைய காரே அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் லியுன். கம்பு வளைந்து, முறிந்து, பறந்தது. அவர் துள்ளி ஒதுங்கினார். காருக்குப் பின்னால் ரயில் போனது.

அவள் கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்க. பின்னாடி வர்றவங்களுக்கு வழி விடணும்."

வீடு வரும்வரை அவளே ஓட்டினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. ராத்திரி அவர் கிண்ணத்திலும் சோறு இருந்தது. தலையைத் தூக்காமல் தின்றார்.

சில மாதம் கழித்து, விழிப்புணர்வுக்காக டிரைவிங் பள்ளிகளுக்கு ரயில்வே அனுப்பிய கேட் கேமரா வீடியோவை வகுப்பில் போட்டார். முகங்களை மங்கலாக்கியிருந்தார்கள். ஆனால் அந்தக் கார், அந்தக் குனிந்த முதுகு! மாணவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பொண்டாட்டிய விட்டுட்டு ஓடுறான் பாருடா!"

"அந்தம்மா இவனுக்கு இன்னும் சோறு போடுமா மாஸ்டர்?" என்று கேட்டாள் முன் வரிசைப் பெண்.

"போடுது" என்றார் ஜின்ஷான். "அன்னைக்கும் போட்டுச்சு."

சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தப் பெண் முகம் சிவந்து எழுந்தாள். "மன்னிச்சிருங்க மாஸ்டர்..."

"நீ உக்காரும்மா. நீ கேட்டதுல தப்பில்ல. சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் பழகியிருக்கு. காலுக்குப் பழக்கமே இல்ல."

மறுநாள் பயிற்சி மைதானத்துப் பாதையின் குறுக்கே மெல்லிய மூங்கிலைக் கட்டினார். வந்து ஓட்டிக் காட்டும்படி லியுனைக் கூப்பிட்டிருந்தார். "என்னை ஏன் வேடிக்கை காட்டுறீங்க? நீங்களே இடிச்சுக் காட்டுங்க" என்றிருந்தாள் அவள்.

மாணவர்கள் வரிசையாக நின்று பார்க்க, அவரே ஏறினார். மூங்கிலுக்கு ஒரு முழம் முன்னால் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. வண்டி நின்றுவிட்டது. காதெல்லாம் சூடேறியது. யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை இன்னும் கூச வைத்தது. பின்னால் எடுத்து மறுபடி வந்தார். மூங்கில் படாரென்று முறிந்தது.

இறங்கி, யாருடைய முகத்தையும் பார்க்காமல், புது மூங்கிலைக் கட்டினார்.

"அடுத்த ஆள் வாங்க" என்றார்.