வலது ஓரம் நாலு விரல்

எங்கள் ஊரில் குழந்தையின் கார் சீட்டுக்கு அடியில் தாய்மாமன் மடியைத்தான் வைப்பார்கள். வேறு எதை வைத்தாலும் சீட் ஆடும். உட்கார்ந்தால்தான் மடி உண்டாகும் என்பதால், காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்து, மடியை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். பிள்ளைக்கு நாலு வயதானதும் திருப்பித் தருவார்கள். அதுவரை தாய்மாமன் உட்கார முடியாது. நான் பஸ் கண்டக்டர். நிற்பது எனக்குப் பழக்கம்தான். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை என்பார்கள். அது கார் சீட் வராத காலத்துப் பேச்சு.

என் தங்கை சங்கரவடிவோடு எனக்கு ஒன்றரை வருடமாகப் பேச்சு இல்லை. அவள் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைப் பெரியப்பா மகன் பெயருக்குக் கீழே போட்டிருந்தாள். கூடப் பிறந்தவன் நான். பந்தியில் கை நனைக்காமல் வந்துவிட்டேன். இப்போது அவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. அவள் கணவர் கோமதிநாயகம் நேரில் வந்து, "மச்சான், நாளைக்கு டிஸ்சார்ஜ். மடி…" என்று இழுத்தார். மடி கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. போனேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அசைவு பார்ப்பது ஜெபமணி சிஸ்டர். பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டுவார். ஒரு விரற்கடைக்கு மேல் நகரக் கூடாது. மூன்று முறைதான் பார்ப்பார். மூன்றிலும் நகர்ந்தால், பிள்ளை தானே வழி கேட்டு வீட்டுக்கு நடந்து வரும் வயது வரை ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மாடி ஜன்னலில் அப்படித் தங்கிப்போன ஒரு சிறுமி உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

நான் காரில் உட்கார்ந்து எழுந்தேன். கோமதிநாயகம் என் மடிமேல் சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி வைத்து, முழங்காலால் அழுத்தி, பெல்ட்டை இழுத்தார். சிஸ்டர் ஆட்டினார். இரண்டு விரற்கடை நகர்ந்தது. கோமதிநாயகம் சாய்வைச் சரிசெய்து மறுபடி கட்டினார். மூன்று விரற்கடை.

"முழு மடியும் தந்தீங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"முழுசுந்தான்" என்றேன்.

பொய். வலது ஓரத்தில் நாலு விரல் அகலத்தை எடுத்து வந்துவிட்டேன். சின்ன வயதில் புளியங்குடி பஸ்ஸில் வடிவு தலை வைத்துத் தூங்குகிற இடம் அது. அவள் எச்சில் ஒழுக்கிய கறைகூட இருக்கிறது. அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டுமென்றால் பெரியப்பா மகனிடம் போய்க் கேட்கட்டும்.

வடிவு அதுவரை பிள்ளையை வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு மெல்ல எழுந்து வந்தாள். சீட்டுக்கு அடியில் கைவிட்டு, கடையில் துணி பார்ப்பதுபோல் மடியைத் தடவிப் பார்த்தாள்.

"அண்ணே, என் இடம் எங்க?"

ஒன்றரை வருடத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எது?" என்றேன்.

"வலது ஓரம்."

பிள்ளையைப் பார்த்தேன். கழுத்து இன்னும் நிற்கவில்லை. தலை கோமதிநாயகத்தின் கையில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பத்திரிகையில் என் பேரைக் கீழே போட்டது இந்தப் பிள்ளையா?

சீட்டை எடுக்கச் சொல்லி, மறுபடி உட்கார்ந்தேன். இந்த முறை எதையும் கையோடு எடுத்துக்கொள்ளாமல் எழுந்தேன். கோமதிநாயகம் அழுத்திக் கட்டினார். சிஸ்டர் இரண்டு கையாலும் ஆட்டினார். கார் ஆடியது, சீட் ஆடவில்லை. பிள்ளையைக் கிடத்தி, தோள்மேல் வரும் பெல்ட்டைக் கிள்ளிப் பார்த்தார். விரலுக்குள் மடிப்பு சிக்கவில்லை.

"கூட்டிட்டுப் போங்க" என்றார்.

"நீயும் ஏறுண்ணே" என்றாள் வடிவு. எப்படி ஏறுவது? நான் காருக்குப் பின்னாலேயே வீடு வரை நடந்தேன். கோமதிநாயகம் மெதுவாகத்தான் ஓட்டினார்.

திங்கட்கிழமை செங்கோட்டை நடையில் நல்ல சாரல். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தபோது மடி இருந்த இடத்தில் முதலில் வெதுவெதுப்பாக இருந்தது, பிறகு ஈரம். வடிவுக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, மருமவன் நனைச்சுட்டான்."

"இப்பதான் கோயில் வாசல்ல வண்டிய நிறுத்தினோம். துணி மாத்திட்டேன். என் இடமும் நனைஞ்சுட்டா, அண்ணே?"

"நனைஞ்சுட்டு."

"சரி, வீட்டுக்குப் போனதும் எடுத்து வெயில்ல போடுதேன்."

சொன்னபடி போட்டாள். மூன்று மணிக்கு என் முழங்கால்களுக்கு மேலே நல்ல வெயில் அடித்தது. வெளியே மழை விடவில்லை. கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண் அந்த வெயிலைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஈரத்துணி இரண்டை எடுத்து நீட்டினாள். வாங்கி விரித்துக்கொண்டேன். அவள் இறங்குகிற இடத்துக்குள் ஒன்று காய்ந்துவிட்டது.