பதில் வணக்கம்

கராத்தே கிளாசில் அண்ணன் முதல் நாள் வணக்கத்துக்குக் குனிந்தபோது சிட்டிபாபு மாஸ்டர் அவன் பிடரியில் ஒரு தட்டு தட்டினார்.

“இன்னாடா ஈர்க்குச்சி, தரையில சில்லறை தேடறியா? பெரியவங்களுக்கு வணக்கம் வெக்க சொல்லோதான் கண்ணு கீழ போவணும். சண்டைல குனிஞ்சாலும் கண்ணு எதிராளி மேலயே இருக்கணும். அவனும் குனியணும். அப்பாலதான் கை வெக்கணும். குனியாதவன அடிச்சா நீ ரவுடி, அவ்ளோதான்.”

கிரவுண்டே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

சேலையூர் ஸ்கூல் மணலில் சாயங்காலம் நடக்கும் அந்த கராத்தே கிளாசில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டது அப்பாதான். பையன் பயந்தாங்கொள்ளியாக இருக்கிறான், டிசிப்ளின் வரட்டும் என்றார். ஜெபசீலன் அண்ணன் அப்போது பிளஸ் ஒன். எழுந்து பாடம் படிக்கச் சொன்னாலே திக்குவான். வீட்டில் அப்பா இடுப்பு பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தால் அம்மா கிச்சனுக்குள் போய்விடுவாள். அப்பா பின்னாலேயே போய்க் கதவைச் சாத்துவார். அண்ணன் என் காதைப் பொத்துவான். நடுங்குவது அவன் கைதான்.

அந்த நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனது. விடியற்காலையில் இரும்புலியூர் வரை ஓடிவிட்டு வந்தான். தன் துணியைத் தானே துவைத்தான். குடும்ப ஜெபத்தில் சங்கீதத்தைத் திக்காமல் வாசித்தான். பின்பக்கச் சுவரில் குத்திக் குத்தி விரல் முட்டிகள் காய்த்துப்போயின. அப்பாவுக்கு ஏகப் பெருமை. சர்ச்சிலிருந்து யார் வந்தாலும் அவனைக் கூப்பிட்டுக் குனியச் சொல்வார். அவன் குனிவான், கண் தரையில். ஏசுபாதம் சார் பிள்ளையை எப்படி வளர்த்திருக்கிறார் என்று வந்தவர்கள் மெச்சுவார்கள். அந்த வெயிலிலும் முழுக்கை ஜாக்கெட் போட்ட அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மேடவாக்கத்தில் சித்தியைப் பார்க்கப் போய், பஸ்ஸை விட்டுவிட்டு, அப்பா வந்த பிறகுதான் வந்தாள். அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சேரிலிருந்து எழுந்தார், கை பெல்ட் பக்கிளுக்குப் போனது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கிச்சனுக்குள் போனாள்.

அண்ணன் கிச்சன் வாசலில் போய் நின்றான்.

“தள்ளு,” என்றார் அப்பா.

அவன் விலகவில்லை. காலைச் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டவைத்துக் குனிந்தான்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாருடி தபீதாள், இந்த நேரத்துலயும் மரியாதைய மறக்கல என் புள்ள.”

நான் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அண்ணனின் கண் தரையில் இல்லை. அப்பாவின் நெஞ்சுக்கு நேராக, இமைக்காமல் இருந்தது.

“அப்பா, கு... குனியா...” எனக்குத் திக்கியது. என் பக்கம் யாரும் திரும்பவில்லை.

அப்பா விளையாட்டாகக் காலைச் சேர்த்துக்கொண்டார். பாதி உருவிய பெல்ட் இடுப்பில் தொங்க, அண்ணன் செய்தது போலவே கைகளை ஒட்டவைத்து, நன்றாகக் குனிந்தார். கண் தரையில். எண்ணெய் வைத்து வாரிய உச்சந்தலையில் சீப்புப் பல் போன தடம்கூடத் தெரிந்தது.

அண்ணனின் விரல்கள் முஷ்டியாக மடங்கின; இடது கால் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது.