இடது பொத்தான்

தை மாதப் பனியில் ராத்திரி முழுக்க ஊறிய மண்ணை விடிகாலை ஐந்தே முக்காலுக்குக் கையில் எடுத்துப் பாருங்கள், விரல் உங்களுடையதா அடுத்தவருடையதா என்றே தெரியாது. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் ஷெட்டில் பொழுது அப்படித்தான் விடியும். திம்மப்பண்ணன் முழங்கால்வரை குழிக்குள் நின்று மண்வெட்டியால் வெட்டி வெட்டி மேலே போடுவார். சூளைமண்ணும், அதோடு கலந்த செங்கல் பொடியும். நான் அதை அடித்து, உருட்டி, மூன்றாம் நம்பர் மிஷினின் அச்சுக்குள் வைப்பேன். மிஷினின் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைப் பொத்தான். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மேல் அச்சு இறங்கும். நடுவிலுள்ள கம்பி மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். அச்சு மேலே ஏறியதும் உள்ளே ஒரு மூக்கு இருக்கும்.

மூக்கு என்றுதான் நாங்கள் சொல்வோம். இரும்பு உருக்கும் உலைக்குள் காற்று ஊதுகிற மண் குழாய் அது. ஓசூரைச் சுற்றியுள்ள பாதி உலைகள் எங்கள் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன. எங்களுக்குத்தான் மூச்சுவிட நேரமில்லை.

இரண்டு கையும் பொத்தான்மேல் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்குள் இருக்காது. மிஷினைச் செய்தவன் அதற்காகத்தான் இரண்டு பொத்தான் வைத்தான். புத்திசாலி. ஆனால் ஒரு ஷிப்டில் அறுநூறு மூக்கு போடச் சொல்லி அவனை யாரும் நிற்கவைத்ததில்லை. முன்பு நானூறுதான். போன தீபாவளி கழிந்ததும் முதலாளி ஹரீஷ்குமார் தன் கையாலேயே கரும்பலகையில் நானூறை அழித்துவிட்டு அறுநூறு என்று எழுதினார். போட முடியாதவர்கள் மறுநாள் வரவேண்டாம் என்றார்.

அப்போது எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி மண். இடது பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அதைச் சுற்றியுள்ள வளையத்துக்குள் ஒரு பிடி மண்ணைத் திணித்து, கட்டை விரலால் அழுத்திவிட்டால் போதும். பொத்தான் அமுங்கியபடியே கிடக்கும். பழைய மிஷின், ஏன் என்று கேட்காது. அப்புறம் வலது கை ஒன்றாலேயே ஓட்டலாம், இடது கையால் அச்சில் ஒட்டிய மண்ணை வழித்துக்கொண்டிருக்கலாம். ஒரு மூக்குக்கு நான்கைந்து விநாடி மிச்சம். முதலாளி பின்னால் வந்து நிற்பார், பார்ப்பார், போய்விடுவார். அவருக்கென்ன கண் அவிந்தா போயிருந்தது?

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஷிப்ட் முடிந்ததும் அவரவர் மண்ணை அவரவர் சுரண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் மிஷின் சூட்டில் காய்ந்து கல்லாகிவிடும். அடுத்து வருகிறவர்கள் பொத்தான் சரியாக இருக்கிறது என்று நம்பித்தான் கையை நீட்டுவார்கள்.

அன்று நான் சுரண்டவில்லை. இரண்டு மணி அடிக்கும்போது, எங்கள் லைன் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து போன். என்றைக்கு வரும் என்றே சொல்ல முடியாத லாரி. நான்கு குடம் தண்ணீருக்காக ஓடினேன் பாவி.

இரண்டாம் ஷிப்டுக்கு அதே மிஷினில், ரோஸ் தோட்ட வேலையை விட்டு எங்கள் ஷெட்டுக்கு வந்த வினோதா நின்றாள். மூன்றரை மணிக்கு, அச்சிலிருந்த மண்ணை இடது கையால் வழித்துக்கொண்டே வலது பக்கம் திரும்பி அடுத்த உருண்டையை எடுத்திருக்கிறாள். முழங்கை வலது பொத்தானில் பட்டுவிட்டது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின.

மறுநாள் காலை நான் வரும்போது மிஷினைக் கழுவி எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். இடது பொத்தானை மட்டும் யாரும் தொடவில்லை. ஆணியால் நெம்பினேன், மண் ஒரே துண்டாக வந்தது. அதில் என் கட்டை விரல் பதிந்திருந்தது. எங்கள் ஊர் நாட்றாம்பாளையத்தில் ராகி அறுக்கும்போது அரிவாள் பட்டு, என் விரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. அந்தத் தழும்பும் மண்ணில் அப்படியே இருந்தது. சோற்றுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வினோதாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஈ.எஸ்.ஐ.க்குக் கூட்டிப்போனால் விபத்து என்று எழுத வேண்டியிருக்குமே. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"சாப்டியாம்மா?" என்றேன். வேறு என்ன கேட்பது?

"சாப்டேன்க்கா. திரும்பவும் ரோஸ் தோட்டத்துக்கே போயிரலாமான்னு நெனச்சிட்டிருக்கேன். ஆனா முள்ளு ஒடிக்க ரெண்டு கை வேணுமே."

கலைந்த போர்வையை இழுத்து அவள் காலை மூடினேன்.

"முதலாளி வந்திருந்தாருக்கா. மண்ணு வெச்சது யாருன்னு கேட்டாரு. எனக்குத் தெரியாதுன்னுட்டேன்." மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "அது கல்லாட்டம் இருந்துச்சுக்கா. எடுக்கப் பாத்தேன், வரல. நேரமாவுதேன்னு அப்பிடியே ஓட்டிட்டேன். காலைல அந்த மிஷின்ல நீங்கதான் இருந்தீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பேரச் சொல்லல."

ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அவள் திட்டவில்லை. பஸ் ஸ்டாண்டுவரை அழுதுகொண்டே நடந்தேன்.

அதற்கடுத்த நாள் எங்கள் நான்கு பேரையும் முதலாளி ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். ஒன்றாம் நம்பர் மிஷின் மாதேஷ், இரண்டாம் நம்பர் சுமலதா, திம்மப்பண்ணன், நான். மேஜைமேல் டைப் அடித்த ஒரு தாள். அடியில் மாதேஷின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

சுமலதா பன்னிரண்டாவது வரை படித்தவள். தாளை எடுத்து உரக்கவே படித்தாள். "வினோதா என்பவர் தானாகவே, வேண்டுமென்றே, பாதுகாப்புப் பொத்தானில் மண்ணை அடைத்து இயந்திரத்தை இயக்கியதால் ஏற்பட்ட காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. இதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்."

"ஒரு கையெழுத்து. அவ்ளோதான். போய் வேலையப் பாருங்க" என்றார் முதலாளி.

"இதுல போட்டா அவளுக்கு நஷ்ட ஈடே கெடைக்காது சார். சங்கத்து ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள் சுமலதா.

"ஓ, சங்கமா? சரிம்மா. ஆஸ்பத்திரிக்கு யாரு கட்டினது, சங்கமா?"

நான் பையைத் திறந்து மண் கட்டியை எடுத்தேன். அந்தத் தாளின்மேலேயே வைத்தேன்.

"அவ வெக்கல சார். வெச்சது நானு. இது என்னோட கட்ட வெரலு. தழும்பு தெரியுது பாருங்க."

அவர் மண்ணைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. பேர மட்டும் மாத்திட்டாப் போதும். நீ மண்ணு வெச்ச, அவ கை போச்சு. கேஸுன்னு வந்தா போலீஸ் உன்னத்தாம்மா கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு என்ன இதுல?"

உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று நினைத்த மடச்சி நான். அந்த உண்மையையும் அவர் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார் என்று எனக்கெங்கே தெரியும்?

அப்போது வாசலிலிருந்து திம்மப்பண்ணன் பேசினார். காலெல்லாம் மண் என்பதால் அவர் அறைக்குள் வரவில்லை. பதினொரு வருஷத்தில் அந்த அறை வாசலில் அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை.

"சாமி, நானூற அழிச்சிட்டு அறுநூறுன்னு எழுதினது யார் கை? அதையும் அந்தப் பேப்பர்ல சேத்துக்கங்க. நான் கண்ணால பாத்தேன். அதுக்குக் கைநாட்டு வெக்கறேன்."

முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

"பாருங்க. அத்திப்பள்ளி போனா கர்நாடகா. அங்க எத்தன ஷெட்டு வேணும்னாலும் வாடகைக்குக் கெடைக்குது. மூணு மிஷினையும் லாரில ஏத்தினா ஒரு மணி நேரம். அப்புறம் நீங்களும் உங்க சங்கமும் இங்கயே மண்ணு பெசஞ்சிட்டிருங்க."

பொய் இல்லை. போன வருஷம் பக்கத்து ஷெட் அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் காணாமல் போனது. அவர் மண் கட்டியை எடுக்கக் கை நீட்டினார், நான் முந்திக்கொண்டேன். கையெழுத்து போடாமல் மூன்று பேரும் வெளியே வந்தோம். மாதேஷ் பின்னாலேயே வந்தான்.

"என்னைத் திட்டாதக்கா. நான் குடியிருக்கறது அவரு வீடு."

"உன்னைத் திட்டி என்னாடா ஆவப் போவுது" என்றேன்.

சூளைக்குப் பின்னால், காயவைத்த மூக்குகளுக்கு நடுவில் நின்றோம். வேலையை நிறுத்தலாமா என்று பேச்சு வந்தது. கேட்டுக்கு வெளியே வேலைக்குக் காத்திருக்கிறவர்களை நாங்கள் தினமும் பார்க்கிறோம். நாங்கள் நிறுத்தினால் அரை மணி நேரத்தில் அவர்கள் எங்கள் இடத்தில் இருப்பார்கள்.

"ஏன் மாடோது" என்றார் திம்மப்பண்ணன். என்ன செய்வது என்று கேட்கும்போது அவருக்குக் கன்னடம்தான் வரும்.

சுமலதாதான் சொன்னாள். "நிறுத்த வேணாம்ணா. வேலை செய்யலாம். ரெண்டு கையால செய்யலாம்."

யாருக்கும் புரியவில்லை.

"மிஷின்லயே தகடு அடிச்சிருக்குதே, ரெண்டு கையாலயும் அழுத்தணும்னு. அதில இருக்கறபடி செய்வோம். ரெண்டு ஷிப்டும். நானூறு வந்தா நானூறு, முந்நூறு வந்தா முந்நூறு. தகட்டுல இருக்கறதச் செஞ்சாங்கன்னு எவன் கேஸு போடுவான்?"

"வேலைய விட்டுத் தூக்குவாரே" என்றான் மாதேஷ்.

"தூக்குவாரு" என்றாள் அவள்.

இரண்டாம் ஷிப்ட் ஆட்களிடம் அவளே போய்ப் பேசினாள். ஒருவர் சரி என்றார். ஒருவர் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் விடிகாலை முதலாளி என்னை மிஷினிலிருந்து எடுத்துக் குழிக்குப் போட்டார். மூன்றாம் நம்பரில் புது ஆள். பிகாஷ், ஒடிசாக்காரன், முப்பது வயது இருக்கும், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. சுமலதா இரண்டு கையையும் விரித்துப் பொத்தான்மேல் வைத்து அழுத்தினாள். மூக்கை எடுத்தாள். அச்சைத் துடைத்தாள். மறுபடியும் இரண்டு கை. அவ்வளவு நிதானமாக அந்த மிஷின் ஓடி நான் கேட்டதேயில்லை. நான் ஒன்றாம் நம்பரைப் பார்த்தேன். மாதேஷ் ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தான், இடது பொத்தான் பக்கம் கொண்டுபோனான், அப்படியே நின்றான். பிறகு அந்த மண்ணை அச்சுக்குள்ளேயே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினான்.

ஏழரைக்கு முதலாளி வந்து மூக்குகளை எண்ணினார். முகம் சிவந்துவிட்டது. நேராக பிகாஷிடம் போனார். அவன் புதியவன், தகட்டிலுள்ள படத்தைப் பார்த்து அவனும் இரண்டு கையால்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏக் ஹாத், ஏக் ஹாத்" என்று ஒரு கையைக் காட்டி இந்தியில் சொல்லிக்கொண்டே, மண் பலகையிலிருந்து ஒரு பிடி எடுத்து, இடது பொத்தானை அமுக்கித் தன் கட்டை விரலாலேயே திணித்தார். ஒரு கையால் ஓட்டியும் காட்டினார். கையை பிகாஷின் துண்டிலேயே துடைத்துக்கொண்டு, அடித்த போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நான் மண் பலகையைத் தூக்கிக்கொண்டு மூன்றாம் நம்பருக்குப் போனேன். பிகாஷ் என்னைப் பார்த்தான். என்ன மொழியில் சொல்வது? இடது கையை அவன் முகத்துக்கு நேராக விரித்தேன். மூன்று விரலை மடக்கினேன். அச்சைக் காட்டினேன். பொத்தானிலிருந்த மண்ணைக் காட்டினேன்.

அவன் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்த சாவியை எடுத்து, ஈரம் காயாத அந்த மண்ணைச் சுற்றிலும் நெம்பி, பதிந்த விரல் அழியாமல் அப்படியே என் உள்ளங்கையில் வைத்தான். தழும்பில்லாத, வழவழப்பான கட்டை விரல்.

திம்மப்பண்ணன் அதை வாங்கிப் பார்த்தார்.

"கோர்ட்டுல இது நிக்குமாண்ணா?" என்றேன்.

"நிக்குமோ நிக்காதோ. ஈரமா இருந்தா கரஞ்சு போவும். உன்னோடதையும் குடு."

சூளைக்குப் போகவிருந்த வண்டியில், மூக்குகளுக்கு நடுவே, என் விரலையும் முதலாளியின் விரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சூளை திறக்க மூன்று நாளாகும். அதற்குள் எங்களில் யார் வேலையில் இருப்போம், இந்த ஷெட் இங்கேதான் இருக்குமா, ஒன்றும் தெரியாது. அன்று பகல்வரை ஒரு மிஷினும் நானூறைத் தொடவில்லை.

இரண்டு மணி அடித்தது. இரண்டாம் ஷிப்ட் உள்ளே வந்தது. பார்க்கலாம் என்று சொன்னவரும் வந்து, வினோதாவின் இடத்தில், மூன்றாம் நம்பரில் நின்றார். என் போன் அடித்தது, பக்கத்து வீடு. தண்ணீர் லாரியாகத்தான் இருக்கும். எடுக்கவில்லை. மூன்றாம் நம்பருக்குப் போய், அவர் கையைப் பிடித்து இடது பொத்தான்மேல் வைத்தேன்.

"அமுக்கிப் பாருங்க" என்றேன்.

அமுக்கினார். விட்டார். பொத்தான் மேலே எழும்பி வந்தது.

"இன்னொரு தடவ" என்றேன்.