வெள்ளிமண்

பிக்கட்டி ஊருக்கு மேலே, காட்டுக்குள் மூடிக் கிடக்கும் சுரங்கத்தை எங்கள் கோயில் பங்கில் வெள்ளிக்குழி என்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ஈயமும் துத்தநாகமும் கொஞ்சம் வெள்ளியும் தோண்டினார்களாம். வாசலில் கொட்டிவிட்டுப் போன மண் இன்னும் மேடாகக் கிடக்கிறது. ஈரம் பட்டால் மினுங்கும். அதன்மேல் புல் முளைப்பதில்லை.

கிறிஸ்துமஸ் குடிலில் அந்த மண்ணைத்தான் பரப்புவோம். அந்த வருஷம் பிள்ளை உண்டாகியிருக்கும் பெண், குழந்தை ஆண்டவரான பாலன் சுரூபத்தை அதில் கிடத்துவாள். பிறகு எல்லோரும் வரிசையில் வந்து அதன் பாதத்தை முத்தமிடுவார்கள். இந்த முறை என் மனைவி ஆன்சி. அவளுக்கு முந்தைய இரண்டும் தங்கவில்லை. சிறுவயதிலிருந்து குடிலுக்கு அந்த மண்ணைச் சலித்துக் கொடுத்தவள் அவள்தான்.

மழைக்கு முன் அதிகாரிகள் வந்து மண்ணைச் சோதித்துவிட்டு ஒரு தகரப் பலகை நட்டார்கள். ஈய நஞ்சு, கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அண்டக் கூடாது. எல்லோரும் போய்ப் படித்தோம். சில வாரங்களில் பலகையைக் காணவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோயிலுக்குக் குடிலைப் பார்க்கப் போனேன். நீல பெயிண்ட் அடித்து, நட்சத்திரம் ஒட்டிய வானம். பின்னால் சுற்றிப் போனேன். வானத்தின் முதுகில் அதே எழுத்துகள். ஆன்சியின் அப்பா, உபதேசியார் மரியஅந்தோணி, மண்ணைத் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க மாமா, இதைப் படிச்சீங்களா?”

“படிக்காமயா பெயிண்ட் அடிச்சேன்? நல்ல தகரம், மாப்ள. வெள்ளக்காரன் வழிச்சு நக்கினது போக, ஆண்டவருக்குன்னு கொஞ்சம் உட்டுட்டுப் போயிருக்கான். அதையும் வேண்டாங்கறீங்களா?”

சிரித்தார். அதே கையால் கேக்கைப் பிட்டு, ஆன்சிக்கு என்று நீட்டினார். அவருடைய நகக்கண்களில் அந்த மினுமினுப்பு. வாங்கிக்கொண்டு போய்ப் புதரில் எறிந்தேன். வீட்டில் ஆன்சியிடம் பலகையைப் பற்றிச் சொன்னேன். அவள் வெகுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலைப் பூசை முடிந்து பாலனை ஏந்திக் குடில் முன்னால் நின்றாள். மாமா மண்ணில் அழுத்திவைத்திருந்த பள்ளத்தைக் காட்டினார்.

“வையி, கண்ணு.”

“அதுல வெக்கமாட்டனுங்கப்பா.”

பாலனை முந்தானையால் மூடிக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பூசை வைத்த சாமியார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மாமா முழங்காலிட்டார். அந்த வெற்றுப் பள்ளத்தைத் தொட்டு, விரலை உதட்டில் ஒற்றிக்கொண்டார். அவருக்குப் பின்னால் வரிசை நகர்ந்தது. பலகையைப் படித்தவர்கள்தான் எல்லோரும். தொட்டார்கள், ஒற்றினார்கள். தாய்மார் கைக்குழந்தைகளின் வாயிலும் தடவினார்கள்.

வாசலில் எல்லோரும் சிரித்து வாழ்த்துச் சொன்னார்கள். உதடுகள் மினுங்கின. மாமா ஆன்சியின் நெற்றியில் சிலுவை போடக் கட்டைவிரலை நீட்டினார். அவள் பின்னால் நகர்ந்தாள். அந்தரத்தில் நின்ற விரலை இறக்கி, அவள் கையிலிருந்த பாலனின் நெற்றியில் போட்டார்.

ஆன்சி பாலனை அவரிடமே கொடுத்துவிட்டுக் குழாயடிக்கு நடந்தாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகுதான் வயிற்றைத் தொட்டாள்.