அண்ணன் கொடுத்த கம்ப்யூட்டர்

அவளுக்கு வாசிப்பதுதான் தொழில். ஒலிப்புத்தகம் வெளியிடும் ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்தே கதைகளைப் படித்து, பதிவு செய்து அனுப்புவாள். சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்து மாட்டி, நடுவில் ஒரு மேசை போட்டிருந்தாள். மேசைமேல் மைக், பக்கத்தில் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டர் அண்ணன் கொடுத்தது. அம்மாவுக்கும் சொந்தத்தில் இன்னும் பலருக்கும் ஆளுக்கொன்று கொடுத்திருந்தான். சொந்தக்காரர்கள் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். கொடுத்த அன்றைக்குத் தானே வந்து உட்கார்ந்து, வேண்டியதையெல்லாம் ஏற்றிக் கொடுத்து, எதையும் நோண்ட வேண்டாம், ஏதாவது என்றால் தன்னைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் போனான்.

குட்டிக் கதைகளும் உடற்பயிற்சிக் குறிப்புகளுமாகப் படித்துக்கொண்டிருந்தவளுக்கு முதல்முறையாக ஒரு பெரிய நாவல் கிடைத்தது. அதில் ஒரு கிழவர் மட்டும் பக்கம் பக்கமாகப் பேசுவார். அவருக்கு ஒரு குரல் கண்டுபிடிக்கவே அவள் நாள்கணக்கில் கண்ணாடி முன் முனகிக்கொண்டிருந்தாள். ஆனால் அனுப்பிய அத்தியாயங்கள் எல்லாம் திரும்பி வந்தன. குரல் அருமை, பின்னால் ஒரே இரைச்சல் என்றார்கள்.

இரைச்சல் அவளுக்கும் கேட்டது. படிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறி உயிர்போகிற மாதிரி சுற்றும். கணவன் பாவம், அவள் படிக்கும்போதெல்லாம் ஃபிரிட்ஜை அணைத்து வைத்து, ஒருநாள் பாலெல்லாம் திரிந்துபோனது. ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். கடைக்காரர் தூசி ஊதினார், விசிறியை மாற்றினார், இதையும் அதையும் திறந்து பார்த்தார். அவர் முன்னால் அது பரம சாதுவாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். அண்ணனிடம் சொன்னதற்கு, பழைய மாடல், அப்படித்தான் இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள் என்றான். ஜன்னலைத் திறந்தால் தெருவே உள்ளே வந்துவிடும்.

கடைசியில் விஷயத்தைப் பிடித்தது அந்த நிறுவனத்தின் ஒலித்தொகுப்பாளர். நேரில் பார்த்திராத பெண். ஒருநாள் அவளே போன் செய்தாள். ஒவ்வொரு பதிவிலும் மவுஸ் சொடுக்கும் சத்தம் எங்கே கேட்கிறது, இரைச்சல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்திருக்கிறாள்.

"நீங்க மவுஸ்லேர்ந்து கையை எடுத்துக் கொஞ்ச நேரத்துல ஆரம்பிக்குதுக்கா. கை வச்சதும் அடங்கிடுது. தூசிக்கு இவ்வளவு விவரம் கிடையாது."

பிறகு விளக்கினாள். அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் திருட்டுத்தனமாக ஒரு புரோகிராமை ஒளித்து வைத்து, அதைக் கிரிப்டோ என்ற இணைய நாணயத்துக்காக ராப்பகலாகக் கணக்குப் போட வைப்பார்களாம். மின்சாரம் நம்முடையது, தேய்வது நம் கம்ப்யூட்டர், வருகிற நாணயம் அவர்களுக்கு. ஆள் தொடாதபோது வேலை செய்யும். என்ன ஓடுகிறது என்று திறந்து பார்த்தால் அந்த நொடியே படுத்துக்கொள்ளும். அதனால் திறக்காமலே பார்க்க வேண்டும் என்று சொல்லி, எந்தப் புரோகிராம் எவ்வளவு உழைக்கிறது என்று பின்னாலிருந்து குறித்து வைக்கும் ஒரு சின்னக் கருவியை அனுப்பினாள்.

அதை ஓடவிட்டு, அவள் கிழவரின் பேச்சு முழுவதையும் மைக் முன் படித்தாள். விசிறி கதறியது. முடித்துவிட்டுப் பார்த்தால், முழு பலத்தையும் தின்றுகொண்டிருந்தது பிரின்டர் உதவி என்ற பெயரில் ஒன்று. அந்த வீட்டில் பிரின்டரே கிடையாது.

ஒலித்தொகுப்பாளர் போனில் இருக்க, முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்தாள். புரோகிராமை நிறுத்தினாள்; கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் அது மறுபடி எழுந்து நின்றது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதை எழுப்பிவிட ஓர் ஏற்பாடு இருந்தது. வைரஸ் தடுப்பானிடம் அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் பார்க்காதே என்று சொல்லியும் வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே செய்த ஏற்பாடு என்று தேதி காட்டியது. ஃபோல்டரைத் திறந்தபோது அமைப்புக் கோப்பில், நாணயம் போய்ச் சேர வேண்டிய முகவரிக்குக் கீழே, இந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு பெயர் கொடுக்கப்பட்டிருந்தது. சுண்டு.

உலகத்தில் அவளைச் சுண்டு என்று கூப்பிடுகிறவன் ஒருவன்தான்.

போனில் அந்தப் பெண் என்னக்கா, என்னக்கா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லி, அவள் சொன்னபடியே பதிவுகளை மட்டும் தனியே எடுத்துவிட்டு, மொத்தத்தையும் அழித்துப் புதிதாக ஏற்றினாள். அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் கேட்டதேயில்லை. அழுகைதான் வந்தது. இரண்டு அத்தியாயங்களைப் பதிவு செய்து அன்றே அனுப்பினாள். நாவலை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம், மன்னிக்கவும் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் அண்ணனும் இருந்தான். அவள் சத்தம் போடவில்லை. கண்டுபிடித்ததைச் சொன்னாள். அவன் மறுப்பான், யாரோ செய்திருப்பார்கள் என்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அவன் மறுக்கவில்லை. தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சும்மா கிடக்கிற நேரத்துலதானே ஓடுச்சு. உனக்கு என்ன நஷ்டம்?"

"சும்மா கிடக்கலண்ணா. நான் படிச்சிட்டிருந்தேன்."

அவன் அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை. இத்தனை பேருக்குச் செய்கிறவன் எங்கிருந்து செய்வான் என்று நினைத்தாய் என்று கேட்டான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்து போய் உள்ளறையில் அம்மாவின் கம்ப்யூட்டர்மேல் கை வைத்துப் பார்த்தாள். சுட்டது. பேரப்பிள்ளைகளின் படம் பார்ப்பதற்கு மட்டும் அம்மா திறக்கும் கம்ப்யூட்டர் அது.

அம்மா பின்னாலேயே வந்து நின்றாள். அதையும் சுத்தம் செய்து தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. மாத்திரை வாங்கி வருவது அவன், டாக்டரிடம் கூட்டிப் போவது அவன். கொடுத்தவன் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் குடிமுழுகிப் போய்விடுமா என்றாள். அம்மாவுக்கு இது தெரியுமா, இப்போதுதான் தெரிந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவ்வளவு குறையா இருந்தா அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துடு. ஒரு புத்தகத்துக்காக அவனைத் திருடன்னு சொல்லாதே."

மறுநாளே கணவனோடு போய் அண்ணன் வீட்டு வாசலில் கம்ப்யூட்டரை இறக்கி வைத்தாள். அண்ணிதான் கதவைத் திறந்தாள். வாங்கி வைத்துக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை.

அதன்பின் அண்ணன் போன் செய்வதை நிறுத்திக்கொண்டான். அம்மா பேசுவாள், சாப்பிட்டாயா என்பதோடு சரி. கணவன் அலுவலகத்திலிருந்து ஓர் ஓட்டை லேப்டாப்பை இரவல் வாங்கிவந்தான். அதில் பஸ் நிலைய அறிவிப்புகளைப் படித்துப் பதிவு செய்தாள். நாவல் வேறொரு குரலில் வெளியாகிவிட்டது. கிழவர் பேசும் அத்தியாயத்தை மட்டும் கேட்டாள். நன்றாகத்தான் படித்திருந்தார்கள்.

கொஞ்ச நாள் கழித்துச் சித்தி கூப்பிட்டாள். மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாளாம். அண்ணன் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறானாம். உன்னுடைய பழையதுதான், ஆனால் புதுசு மாதிரி வேலை செய்கிறது, அவனே வந்து எல்லாம் ஏற்றிக் கொடுத்தான் என்று வாய் ஓயாமல் சொன்னாள்.

அவள் யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தது. பிறகு, தங்கச்சி அதில் படிக்க ஆரம்பிக்கும் முன் வெளியாள் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடச் சொன்னாள். ஏன் என்றாள் சித்தி. ஏன் என்பதையும் சொன்னாள்.



"நீ இப்படிச் சொல்லிட்டுத் திரிவேன்னு உங்கம்மா சொன்னப்ப நான் நம்பலடி" என்றாள் சித்தி.

அம்மா வேறென்ன சொன்னாள் என்று அவள் கேட்கவில்லை.